கடாயில் எண்ணெய் பற்றிக்கொண்டால் கை முதலில் எங்கே போகவேண்டும்?

வட சென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்தால் முதலில் யோசிக்கிற விஷயம், தண்ணீரை எங்கே வைப்பது என்பதுதான். அடிபம்பில் அடித்ததோ லாரியில் பிடித்ததோ, நாலைந்து பிளாஸ்டிக் குடங்கள் சமையலறையில்தான் நிற்கும். வேறு இடம் இருக்காது. அடுப்பு மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு குடம், அதன்மேல் ஒரு சொம்பு. சமைக்க அது வசதிதான். ஆனால் கடாயில் எண்ணெய் பற்றிக்கொண்ட நேரத்தில் அந்த வீட்டிலேயே ஆபத்தான பொருள் அந்தச் சொம்பு.

தீயைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே நமக்குப் பழக்கம். குப்பை எரிந்தால், பாய் எரிந்தால் அது சரி. எண்ணெய்த் தீக்கு அது முற்றிலும் தவறு. ரூம் எடுத்துத் தங்கி இப்போதுதான் சமைக்கப் பழகும் தம்பிகள், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள், சாயந்தரத்தில் வாசலில் பஜ்ஜிக்கடை போடலாம் என்று நினைப்பவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தீப்பிடித்த பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது. கை எதைப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும். அதனால் கைக்கு இன்றைக்கே பழக்கிவிடவேண்டும்.

தண்ணீர் ஊற்றினால் என்ன நடக்கும்

வடை, மீன் பொரிக்கிற சூடு 170 முதல் 190 டிகிரி வரை. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். எரிந்துகொண்டிருக்கிற எண்ணெயோ 300 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதில் தண்ணீரை ஊற்றினால், எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் நேராக அடியில் இறங்கும். இறங்கிய வேகத்திலேயே நீராவியாக மாறும். தண்ணீர் நீராவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும். ஒரு டம்ளர் தண்ணீர் 300 லிட்டருக்கு மேல் நீராவியாகும். நாம் கடையில் வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் பதினைந்தை அடுக்கிப் பாருங்கள், அவ்வளவு இடம் அதற்கு வேண்டும். அந்த இடத்தை அது எண்ணெயை மேலே தூக்கி எறிந்துதான் எடுத்துக்கொள்ளும்.

தூக்கி எறியப்பட்ட எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாகச் சிதறும். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் காற்று இருப்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றும். கடாய்க்குள் ஒரு அடி உயரத்துக்கு எரிந்த தீ, கண் சிமிட்டும் நேரத்தில் கூரையைத் தொடும். எட்டுக்கு ஆறு சமையலறையில் அதற்குக் கீழே நிற்பது நீங்கள். எண்ணெய்த் தீயில் மோசமாக வெந்துபோவது பெரும்பாலும் இந்த ஒரு நொடியில்தான். தீ தானாகப் பரவியதைவிட, அணைக்கப் போனதால் பரவியதுதான் கொடுமை.

பற்றுவதற்கு முன்னால் எண்ணெய் சொல்லும்

எண்ணெய் திடீரென்று பற்றுவதில்லை. முதலில் மேற்பரப்பு லேசாக நடுங்கி மினுமினுக்கும். அப்புறம் கடாய் ஓரத்திலிருந்து நூல் மாதிரி வெள்ளைப் புகை எழும். அடுத்து அந்தப் புகை நீலம் கலந்து கெட்டியாகும், கண் எரியும், தொண்டை கமறும். புகை வந்ததுமே அடுப்பை அணைத்துவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. கடாயை இறக்கக்கூட வேண்டாம், அப்படியே ஆறவிடுங்கள். புகையும்போதே மீன் துண்டைப் போட்டு ‘சூட்டைக் குறைக்கலாம்’ என்று நினைக்காதீர்கள். மசாலாவில் இருக்கும் ஈரம் பொங்கி எண்ணெய் வழிந்து பர்னரில் விழும்.

எப்போது அதிகக் கவனம் வேண்டும் தெரியுமா? பொரிக்கும்போது அல்ல, இரண்டு ஈடுகளுக்கு நடுவில். கடாயில் வடை வேகும்வரை அதிலிருக்கும் ஈரம் ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசி வடையை ஜல்லிக்கரண்டியில் அரித்து எடுத்ததும் அந்த ‘சுர்ர்’ சத்தம் அடங்கும். அதே பெரிய தீயில் எண்ணெய் மட்டும் தனியாக நிற்கிறது. இப்போது சூடு வேகமாக ஏறும். வாசலில் பூக்காரம்மா கூப்பிடுகிறார், போன் அடிக்கிறது, பிள்ளை அழுகிறது என்று நாம் நகர்வதும் சரியாக இந்த நேரத்தில்தான். நகரவேண்டுமென்றால் பர்னரை அணைத்துவிட்டு நகருங்கள். சிம்மில் வைத்துவிட்டுப் போவதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

எந்த எண்ணெய் என்பதும் கணக்கு. சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய், கடலை எண்ணெய், பாமாயில் எல்லாம் 220 டிகிரியைத் தாண்டித்தான் புகையும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் அதற்கு வெகு முன்னாலேயே, 175 டிகிரியை ஒட்டிப் புகைய ஆரம்பிக்கும். ஒருமுறை காய்ந்த எண்ணெயில் மாவுத் தூளும் மசாலாவும் கருகிக் கிடந்தால் அது இன்னும் சீக்கிரம் புகையும். நேற்று நெத்திலி பொரித்த எண்ணெயை இன்று புது எண்ணெய் என்று நினைத்துக் காயவைக்கக் கூடாது.

கடாயில் எண்ணெய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அடிப்பக்கம் உருண்டையான கடாய் பர்னர் கம்பிகளின்மேல் ஆடாமல் உட்காருகிறதா என்று எண்ணெய் ஊற்றுவதற்கு முன் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். கழுவிய கடாயை ஈரம் போகத் துடைத்த பிறகே எண்ணெய் ஊற்றவேண்டும். மீனையும் அப்படித்தான், தண்ணீரை நன்றாக வடியவிட்டு மசாலா தடவுங்கள். சீடை உருட்டிப் போடுகிறவர்கள் மாவைச் சலித்து, உருண்டைகளைத் துணியில் பரப்பி உலரவிட்டு, ஊசியால் ஒரு குத்துக் குத்திப் போடுவது சும்மா இல்லை. உள்ளே அடைபட்ட ஈரம் வெடித்தால் கொதிக்கும் எண்ணெய் முகத்துக்கும் வரும், பர்னருக்கும் போகும்.

உடுப்பையும் சொல்லிவிடுகிறேன். புடவை முந்தானையை இடுப்பில் செருகுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். நைலான், பாலியெஸ்டர் நைட்டியோடு பொரிக்க நிற்காதீர்கள். அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திதான் நல்லது.

இன்றைக்கே இடம் மாற்றவேண்டியவை

முதலில் அந்தத் தண்ணீர்க் குடம். அடுப்பிலிருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. சமையலறையிலேயே எதிர்ச் சுவரோரம் தள்ளி வைத்தால்கூடப் போதும். எடுக்க நாலு எட்டு நடக்கவேண்டும், அந்த நாலு எட்டுக்குள் மூளை விழித்துக்கொள்ளும்.

குடம் இருந்த இடத்துக்கு ஒரு தட்டு வரவேண்டும். கடாயின் வாயைவிட ஒரு விரற்கடையாவது அகலமான, தட்டையான எவர்சில்வர் தாம்பாளம். கண்ணாடி மூடி வேண்டாம், தீயில் வெடித்துவிடலாம். பிளாஸ்டிக், மெலமைன் பேச்சே வேண்டாம். தாம்பாளம் இல்லையென்றால் பெரிய இரும்பு தோசைக்கல்லும் ஆகும். ஆனால் அது கனம் என்பதால் மெல்ல வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கடாயே கவிழ்ந்துவிடும். எந்த மூடியானாலும், அடுப்பைப் பற்றவைக்கும்போதே கடாய்க்கு வலப்பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடக்கைப் பழக்கமென்றால் இடப்பக்கம். அடுப்புக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் வைத்த மூடி உதவாது, தீக்கு மேலே கை நீட்டி எடுக்கவேண்டியிருக்கும்.

எண்ணெய் ஊற்றாத வெறும் கடாயை ஆறின அடுப்பில் வைத்துத் தட்டை மூடிப் பழகுங்கள். ரூமில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் பழகவேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். ‘ஐயோ, தண்ணி ஊத்து’ என்று முதலில் குரல் கொடுப்பது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கிறவர்தான்.

பற்றிவிட்டது. இப்போது

பின்னால் ஒரு எட்டு வையுங்கள். முகமும் கூந்தலும் தீக்கு மேலிருந்து விலகட்டும். கடாயைத் தொடாதீர்கள். அதைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கோ வாசலுக்கோ ஓடவேண்டும் என்று தோன்றும். தூக்கினால் நடக்கிற காற்றில் தீ உங்கள் பக்கமே சாயும், எண்ணெய் கையில் தளும்பும், கை சுட்டதும் கீழே போடுவீர்கள், தரையெல்லாம் எரியும். தீ கடாய்க்குள் இருக்கும்வரை அது நல்ல இடத்தில்தான் இருக்கிறது.

அடுப்புத் திருகை எட்டினால் அணையுங்கள். திருகு உங்கள் பக்கம் இருக்கிறது, தீ கடாய்க்குள்தான் எரிகிறது என்றால் ஒரு நொடி வேலை. தீ வழிந்து திருகின்மேல் விழுகிறதென்றால் அதைத் தொடவேண்டாம். சிலிண்டர் மேடைக்குக் கீழே இருந்து, அங்கே எரியும் எண்ணெய் சொட்டாமல் இருந்தால் ரெகுலேட்டரை மூடலாம். சொட்டினால் குனியவே கூடாது.

அடுத்தது தட்டு. அதை விளிம்பில் பிடித்து, உங்களுக்கும் தீக்கும் நடுவில் சாய்வாக நிறுத்துங்கள். கை நீட்டி, முகத்தைத் திருப்பி, உங்களுக்கு அருகிலிருக்கும் கடாய் விளிம்பில் தட்டை வைத்து எதிர்ப்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே போய் மூடுங்கள். மேலேயிருந்து தொப்பென்று போட்டால் தீ ஓரமாகப் பீறிட்டுக் கையில் அடிக்கும். மூடிய பிறகும் விளிம்போரம் சிறு நாக்குகள் தெரியலாம். பதற வேண்டாம். உள்ளே காற்று தீர்ந்ததும் அடங்கும். முன்பு எட்டாத திருகு இப்போது எட்டினால் அணைத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனையோ சிம்னியையோ பாதுகாப்பாக நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், அது தீயை மேலே இழுக்கும்.

பிறகு காத்திருக்கவேண்டும். இதுதான் பலருக்கும் முடியாத காரியம். தீ அணைந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு நிமிஷத்திலேயே தட்டைத் தூக்குவார்கள். எண்ணெய் இன்னும் பற்றும் சூட்டில்தான் இருக்கும், காற்று உள்ளே போனதும் மறுபடி பற்றும், இந்தமுறை உங்கள் முகம் நேராக மேலே இருக்கும். குறைந்தது அரை மணி நேரம் திறக்காதீர்கள். எண்ணெய் நிறைய என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகட்டும். தட்டைத் தொட்டுப் பார்த்து வெதுவெதுப்புக்கூட இல்லாமல் ஆறிய பிறகு திறந்தால் போதும்.

தட்டு இல்லை, தீயும் தோசைக்கல்லில் ஊற்றிய கொஞ்சம் எண்ணெயில்தான் என்றால் ஆப்ப சோடாவைத் தாராளமாகத் தூவி அணைக்கலாம். சூட்டில் அது கரியமில வாயுவை விடும், தீ மூச்சுத் திணறும். ஒரு சிட்டிகை போதாது, டப்பாவோடு கொட்டவேண்டும். ஆழமான கடாய்க்கு அது சரிப்படாது. வெள்ளையாக இருக்கிறதே என்று மைதாவையும் அரிசிமாவையும் எடுத்துவிடாதீர்கள். கடலைமாவும் அப்படித்தான். மாவு காற்றில் பறந்தால் அதுவே குப்பென்று எரியும். பேக்கிங் பவுடரிலும் மாவு கலந்திருக்கும், அதுவும் வேண்டாம்.

ஈரக் கோணி போட்டால் என்ன என்று கேட்பீர்கள். தீயணைப்புத் துறையினர் செய்துகாட்டும்போது சிலிண்டர் வாயில் எரியும் தீயை ஈரத்துணியால் மூடிக் காட்டுவார்கள். அது கேஸ் தீக்கு. கடாய் எண்ணெய்க்கு மேல் ஈரத்துணியைக் கொண்டுபோனால் சொட்டும் ஒவ்வொரு துளியும் எண்ணெயைச் சிதறவைக்கும், மெல்லிய துணியென்றால் அதுவே பற்றும். துணிதான் வேண்டுமென்றால் அதற்கென்றே கண்ணாடியிழையில் செய்த தீப்போர்வை கிடைக்கிறது. ஒன்று வாங்கிச் சமையலறை வாசல் பக்கம் மாட்டுங்கள். அடுப்புக்கு மேலே மாட்டினால் எடுக்க முடியாது.

இன்னொரு குழப்பமும் தீரட்டும். கேஸ் கசிந்து வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது, ஜன்னல் கதவைத் திறக்கவேண்டும், ரெகுலேட்டரை மூடவேண்டும், 1906க்குப் போன் செய்யவேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும், அதனால் கீழே இருக்கும் கதவு திறந்திருப்பது முக்கியம். எண்ணெய்த் தீ வேறு. அதற்கு மூடுவதுதான் வைத்தியம். ஜன்னலைத் திறந்துவிட்டு ஓடினால் தீக்குக் காற்றுதான் கிடைக்கும்.

எப்போது விட்டுவிட்டு ஓடவேண்டும்

தீ கடாயை விட்டு வெளியே வந்து மேடையில் ஓடுகிறது, மேலே அலமாரியைப் பிடித்துவிட்டது, கூரையடியில் புகை கருப்பாகத் திரண்டு இறங்குகிறது, மூடியும் அடங்கவில்லை. இதில் ஏதாவது ஒன்று நடந்தால் அணைக்கும் வேலை உங்களுடையது இல்லை. பிள்ளைகளையும் பெரியவர்களையும் முதலில் வெளியே அனுப்புங்கள். புகை இறங்கியிருந்தால் குனிந்து போங்கள், தரையோரம்தான் மூச்சு விடக் காற்று இருக்கும். சமையலறைக்குக் கதவு இருந்தால் சாத்துங்கள், ஒரே அறை வீடென்றால் எல்லோரும் வெளியே வந்ததும் வாசல் கதவைச் சாத்துங்கள். பூட்டவேண்டாம். நகை, போன், பத்திரம் எதற்காகவும் திரும்பி உள்ளே போகாதீர்கள்.

வெளியே வந்ததும் 101 அல்லது 112. ‘எண்ணெய்த் தீ, உள்ளே சிலிண்டர் இருக்கிறது’ என்று சொல்லுங்கள். நம் பக்கத்தில் தெருப்பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் முதல் தெரு, இரண்டாவது தெரு, சந்து என்று போய்க்கொண்டே இருக்கும். மெயின் ரோட்டில் எந்தக் கோயில், எந்த சர்ச், எந்த பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பவேண்டும் என்று சொல்லுங்கள். ஒருவரை மெயின் ரோட்டுக்கு அனுப்பி வண்டிக்காக நிற்கவையுங்கள். மற்றவர்கள் சந்து முனையில் நிற்கும் பைக்குகளையும் தள்ளுவண்டியையும் நகர்த்தட்டும். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் பெரிய வண்டி நுழையவே முடியாத சந்துகள் நிறைய, ஒரு பைக் குறுக்கே நின்றால் குழாயை இழுத்துக்கொண்டு வருவதும் தாமதமாகும். ஹவுசிங் போர்டு பிளாக்குகளில் இருப்பவர்கள் மாடிப்படியில் சைக்கிள், பழைய பீரோ, காலி சிலிண்டர் என்று அடுக்கி வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மூன்றாவது மாடியில் இருப்பவருக்கு வேறு வழி கிடையாது.

உடம்பில் பட்டால்

துணியில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். ஓடினால் தீ வளரும். கையால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் படுத்து உருளுங்கள். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையோ ஜமுக்காளமோ போட்டு மூடலாம்.

சுட்ட இடத்தில் உடனே குழாய்த் தண்ணீரை மெல்ல ஓடவிடுங்கள், 20 நிமிஷம். குழாயில் தண்ணீர் வராத நேரமென்றால் அந்தக் குடத்துத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு நிதானமாக ஊற்றிக்கொண்டே இருங்கள். இங்கேதான் அது உதவும். ஐஸ் வேண்டாம். பேஸ்ட், மஞ்சள், இங்க், முட்டை வெள்ளை, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். டாக்டர் அதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் காயத்தைப் பார்க்கவேண்டியிருக்கும், வேதனை உங்களுக்குத்தான். வீங்குவதற்குள் வளையல், மோதிரம், வாட்சைக் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடிக்கொண்டு கிளம்புங்கள்.

உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்புப் பகுதியில் பட்ட காயம், குழந்தைக்கோ வயதானவருக்கோ பட்ட எந்தக் காயமும், புகையை நிறைய உள்ளிழுத்த நிலையும் வீட்டில் பார்க்கிற வைத்தியம் இல்லை. 108க்குப் போன் செய்யுங்கள். வட சென்னைக்காரர்களுக்கு அருகில் இருப்பது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. தீக்காயத்துக்கென்றே பேர்பெற்ற வார்டு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் இருக்கிறது.

பஜ்ஜிக்கடை, அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை போடுகிறவர்களுக்கு

நாள் முழுக்க எண்ணெய் காயும் இடத்தில் தாம்பாளத்தை மட்டும் நம்பக் கூடாது. சமையல் எண்ணெய்த் தீக்கென்றே ஈர ரசாயனம் அடைத்த தீயணைப்பான் விற்கிறது. அது எண்ணெயின் மேல் நுரைபோலப் படர்ந்து மூடும், குளிர்விக்கவும் செய்யும். சாதாரண ஏபிசி பவுடர் தீயணைப்பான் தீயை அடக்கும், ஆனால் எண்ணெயைக் குளிரவைக்காது என்பதால் மறுபடி பற்றலாம். எதுவானாலும் பக்கத்தில் நின்று எண்ணெயை நோக்கி வேகமாக அடிக்காதீர்கள், சிதறும். ஆறடி தள்ளி நில்லுங்கள்.

திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயைப் பற்றி உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. காயக் காய எண்ணெய் சிதைந்து அதில் சேரும் கழிவுப் பொருள்கள், அதாவது துருவச் சேர்மங்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை உபயோகிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறை. கறுத்து, பிசுபிசுத்து, காயவைத்ததும் புகைகிற எண்ணெய் வயிற்றுக்கும் கெடுதல், தீக்கும் தோது.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் பலர் உயிர்விட்டதை நினைத்து அனுசரிப்பது. அந்த வாரத்தில் தீயணைப்பான் பிடிக்கச் சொல்லித்தரும் இடங்களுக்குப் போய் ஒருமுறை கையில் பிடித்துப் பழகிவிட்டு வாருங்கள். தமிழ்ப் புத்தாண்டுக்கு வடை சுடுகிற வாரமும் அதுதான்.

அணைந்த பிறகு

ஆறிய எண்ணெயைச் சாக்கடையிலோ சிங்க்கிலோ ஊற்றாதீர்கள். மூடியிட்ட பாட்டிலில் அடைத்து வையுங்கள். எரிந்த எண்ணெயை வடிகட்டி மறுபடி சமைக்கக் கூடாது. மேடை, சுவர், பர்னர் அடியில் சிதறிய பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். அப்புறம் ரப்பர் டியூபை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். உருகிய இடம், வெடிப்பு, இளகல் ஏதாவது தட்டுப்பட்டால் அதை மாற்றாமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. ஒன்றும் ஆகவில்லையென்றாலும் டியூபில் அச்சடித்த வருஷத்தைப் பாருங்கள், 5 வருஷம் ஆகியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ரெகுலேட்டரிலோ சிலிண்டரிலோ தீ பட்டிருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கவேண்டாம். ஏஜென்சியிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வெளியில் வாங்கிச் சாப்பிடுங்கள்.